பொலிஸ் அதிகாரம் எவர் கைக்கு?

(மட்டக்களப்பு வாவிக்கரையில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கிழக்கு மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் வேண்டும் என்பது நம் மேடைகளில் பல்லாண்டு காலமாக ஒலித்துவரும் கோரிக்கை. அதன் நியாயத்தை இச்சபைக்கு எடுத்துரைக்க வேண்டிய தேவை எனக்கில்லை. பட்டி மாடு களவுபோனால் எங்கே போய் முறையிடுவது, முறையிட்டால் எந்த மொழியில் எழுதுவார்கள் என்று திகைத்தவர்கள் நீங்கள். ஆனால் அக்கோரிக்கையோடு சேர்த்துக் கேட்டிருக்க வேண்டிய வேறொரு கேள்வியை நாம் கேட்காமலே விட்டுவிட்டோம். அவ்வதிகாரம் வந்தால் அது எவர் கைக்கு வரவேண்டும்? எக்கட்டுக்குள் அது நிற்க வேண்டும்?

இக்கேள்வியைச் சட்டப் புத்தகத்தை மாத்திரம் விரித்து வைத்து ஆராய்வதிலும் பார்க்க, ஒருவரது அரசியல் வாழ்வை முன்வைத்து ஆராய்வது நமக்குப் பயன்தரும். சட்டத்தின் எழுத்துப்படி இம்மாகாணத்தின் பொலிசுக்குப் பொறுப்பாளராக நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் அவர். இம்மாவட்டத்தின் வாழைச்சேனைப் பகுதியில், பேத்தாழையில் பிறந்தவர். சிவநேசதுரை சந்திரகாந்தன் என்பது அவர் பெயர். பிள்ளையான் என்றால் நாடறியும்.

சட்டம் தந்தது என்ன?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். 1957இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிரதேச சபைகளுக்கென வேளாண்மை, காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி எனப் பல துறைகள் குறிக்கப்பட்டன. அப்பட்டியலில் பொலிஸ் இல்லை. அதற்கு முந்திய ஆண்டு ஜூன் மாதத்தில்தான் கல்லோயாக் குடியேற்றத்தில் தமிழர் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். அன்று அம்பாறை மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதி. அவ்வளவு அண்மையில் அத்துயரம் நிகழ்ந்திருந்தும், மக்களைக் காக்கும் அதிகாரம் பேச்சு மேசைக்கு வரவில்லை. 1965இன் டட்லி–செல்வா ஒப்பந்தத்திலும் அது இடம்பெறவில்லை.

1987 ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகி, அவ்வாண்டு நவம்பரில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சட்டமான பின்னர்தான் பொலிஸ் என்ற சொல் மாகாண சபையின் நிரலில் ஏறியது. ஒன்பதாம் அட்டவணையின் முதலாம் நிரலில் முதலாவது விடயமே பொலிசும் பொதுமக்கள் ஒழுங்கும்தான். அதன் விவரம் முதலாம் பின்னிணைப்பில் உள்ளது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு மாகாணப் பொலிஸ் பிரிவு இருக்க வேண்டும். அதன் தலைவர் பிரதிப் பொலிஸ் மா அதிபர். அவரை முதலமைச்சரின் இணக்கத்தோடு பொலிஸ் மா அதிபர் நியமிப்பார். மாகாணத்தின் பொதுமக்கள் ஒழுங்கு பற்றி அந்தப் பிரதிப் பொலிஸ் மா அதிபர் முதலமைச்சருக்குப் பொறுப்பாளி. முதலமைச்சரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர். மாகாணப் பிரிவுக்கு ஆட்சேர்ப்பது மூவர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு: பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர், சனாதிபதியைக் கலந்து அரசாங்க சேவை ஆணைக்குழு நியமிக்கும் ஒருவர், முதலமைச்சர் நியமிக்கும் ஒருவர்.

அரசுக்கெதிரான குற்றம், ஆயுதப்படை சார்ந்த குற்றம், தேர்தற் குற்றம், நாணயக் குற்றம் போன்றவை தேசியப் பிரிவுக்கென ஒதுக்கப்பட்டன. பாதுகாப்பும் இராணுவமும் மத்தியிலேயே நிற்கும். எஞ்சிய களவு, கன்றுகாலித் திருட்டு, அடிபிடி, வேலித் தகராறு, வீடுடைப்பு முதலியன மாகாணப் பொலிசின் வேலை. கமக்காரனின் நாளாந்த வாழ்வைத் தொடும் குற்றங்கள் யாவும் இவற்றுள் அடங்கும். நாட்டைப் பிளக்கும் அதிகாரம் என்று தென்னிலங்கையில் வருணிக்கப்படுவதன் உள்ளடக்கம் இவ்வளவே.

கொஸ்தாப்பல் ஒருவரும் இல்லாத பொறுப்பாளர்

2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வட கிழக்கு இணைப்புச் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2007இன் தொடக்கத்தில் கிழக்கு தனி மாகாணமாயிற்று. 2008 மே 10இல் அதன் முதலாவது சபைக்குத் தேர்தல் நடந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு போட்டியிடவில்லை. 37 ஆசனங்களில் 20ஐ ஆளுங் கூட்டணி பெற்றது. புலிகள் இயக்கத்திலிருந்து 2004இல் கருணாவோடு பிரிந்துவந்து, தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் என்ற கட்சியின் தலைவரான சந்திரகாந்தன் முதலமைச்சரானார். அப்போது அவருக்கு 32 வயது. பதின்ம வயதில் துப்பாக்கி ஏந்திய ஒருவர், மாகாணத்தின் ஒழுங்குக்குப் பொறுப்பாளராகப் பதவிப் பிரமாணம் செய்தார்.

அவர் பதவியேற்ற மே மாதம் முடியுமுன்னரே காத்தான்குடி–ஆரையம்பதிப் பகுதியில் கொலைகள் நிகழ்ந்தன. அவரது கட்சியைச் சேர்ந்தோர் சுடப்பட்டனர். அதைத் தொடர்ந்து முஸ்லிம்கள் மீது தாக்குதல்கள் நடந்தன. அரசியலமைப்பின்படி அவ்வேளை அமைதிக்குப் பொறுப்பு எவர்? முதலமைச்சர். அவர் ஏவக்கூடிய பொலிசார் எத்தனை பேர்? ஒருவருமில்லை. மாகாணப் பொலிஸ் பிரிவு என்ற ஒன்று எங்கும் உருவாக்கப்படவேயில்லை. ஆணைக்குழு அமைப்பதற்கென 1990இல் பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டமும் செயலுக்கு வரவில்லை. பொலிசார் கொழும்புக்கே கட்டுப்பட்டு நின்றனர். அவரது கட்சியினரோ இன்னமும் ஆயுதத்தோடு இருந்தனர். 2009 மார்ச்சில்தான் அவை ஒப்படைக்கப்பட்டன.

அன்பர்களே, இதனைக் கூர்ந்து நோக்குங்கள். சட்டம் தந்த பொலிஸ் அவரிடம் இல்லை. சட்டம் தராத துப்பாக்கி அவரது கட்சியிடம் இருந்தது. மத்திய அரசு முன்னதைத் தர மறுத்தது; பின்னதைத் தனக்குப் பயன்பட்ட காலம்வரை கண்டும் காணாதது போலிருந்தது. கிழக்கு மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியின் சாரம் இதுதான்.

பொலிஸ், காணி அதிகாரங்களைத் தாருங்கள் என்று சந்திரகாந்தன் பதவிக் காலத்தில் பலமுறை கேட்டார். ஆளுங் கூட்டணியின் முதலமைச்சர் அவர்; சனாதிபதியின் நம்பிக்கைக்குரியவர் எனப் பேசப்பட்டவர். அவருக்கே கிடைக்கவில்லை. 2012இல் வந்த நஜீப் அப்துல் மஜீதுக்கும், 2015இல் வந்த ஏறாவூர் ஹாபிஸ் நசீர் அஹமதுக்கும் கிடைக்கவில்லை. அவர்கள் முஸ்லிம்கள், ஆயுதம் ஏந்திய வரலாறு அற்றவர்கள். வடக்கில் 2013இல் முதலமைச்சரான விக்னேஸ்வரன் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர், அவருக்கும் கிடைக்கவில்லை. ஆகவே ஆளைப் பார்த்து மறுத்தார்கள் என்ற வாதம் நில்லாது. எவர் வந்தாலும் மறுப்பது என்பதே கொள்கை. 2023 ஜூலையிலும் சனாதிபதி விக்கிரமசிங்க, பொலிஸ் அதிகாரம் நீங்கலாக 13ஐ நடைமுறைப்படுத்தலாம் என்றே தமிழ்க் கட்சிகளுக்குச் சொன்னார்.

நம் பக்கத்துக் கணக்கு

இதுவரை கொழும்பின் கணக்கைப் பார்த்தோம். நம் பக்கத்துக் கணக்கையும் ஒளிக்காமல் பார்க்க வேண்டும்.

சந்திரகாந்தனின் பிற்கால வாழ்வு உங்களுக்குத் தெரிந்ததே. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது மட்டக்களப்பு மரியாள் தேவாலயத்தில் பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராசசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் சந்திரகாந்தன் 2015 ஒக்டோபரில் கைதானார். சிறையிலிருந்தபடியே 2020 தேர்தலில் நின்று, 54,198 விருப்பு வாக்குகளோடு பாராளுமன்றம் சென்றார். 2021 ஜனவரியில் சட்டமா அதிபர் வழக்கைத் தொடரப் போவதில்லை என்றதால் விடுவிக்கப்பட்டார். பின்னர் இராசாங்க அமைச்சரானார். 2024 தேர்தலில் தோற்றார். 2025 ஏப்ரலில் மீண்டும் கைதானார். கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த பேராசிரியர் இரவீந்திரநாத் 2006 டிசம்பரில் கொழும்பில் காணாமற்போனது பற்றிய விசாரணை அது.

குற்றம் எவருடையது என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை, இம்மேடையின் வேலையன்று. முதலாவது வழக்கில் அவர் விடுதலை பெற்றவர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். தேவாலயத்தில் நூற்றுக்கணக்கானோர் முன் நிகழ்ந்த கொலைக்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஆட்சி மாறும்போது வழக்கு எழுகிறது. ஆட்சி மாறும்போது வழக்கு விழுகிறது. புலனாய்வு சட்டத்தின் வழியில் நடவாமல் ஆட்சியின் வழியில் நடக்கிறது என்ற ஐயம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. ஓர் அரசியல்வாதியின் கைக்குப் பொலிஸ் அகப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு மத்தியிலேயே இவ்வளவு சான்று இருக்கும்போது, அதே உருவில் அவ்வதிகாரத்தைத் திருகோணமலைக்கு மாற்றிக் கேட்பதால் நமக்கு விளையும் நன்மை யாது?

இதற்கு முன்னும் ஒரு பாடம் உண்டு. 1988 டிசம்பரில் வரதராசப்பெருமாள் இணைந்த வட கிழக்கின் முதலமைச்சரானார். பொலிஸ் அதிகாரம் வரவில்லை. அதன் இடத்தில் தொண்டர் படை எழுந்தது. 1989இல் வீதியிலும் வீட்டிலும் இளைஞர்கள் பிடித்துச் செல்லப்பட்டு ஆயுதம் கொடுக்கப்பட்டனர். விரும்பிச் சேராத அப்பிள்ளைகளுள் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. பெற்ற தாய்மார் இக்கூட்டத்திலும் இருக்கக்கூடும். ஆணைக்குழு இல்லை, பயிற்சி இல்லை, முறைப்பாட்டுக்கு இடமில்லை. அதனைப் பொலிஸ் என்று எவரும் சொல்லார்.

1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் கைப்பற்றியபோது, சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். சிங்களவரும் முஸ்லிம்களும் அவர்களில் பெரும்பான்மையோர். அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர் குழந்தைகளோடு கொல்லப்பட்டனர். அதற்கும் முன், 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலையின் இறால் பண்ணையில் உழைத்தவர்களும் அயலவர்களும் பலியானது விசேட அதிரடிப்படையின் நடவடிக்கையில். அப்படை பொலிசின் ஒரு பிரிவு. இம்மாகாணத்தில் காக்கிச் சட்டையைக் கண்டு அஞ்சாத இனம் ஒன்றில்லை. தமிழருக்கு ஒரு நினைவு. முஸ்லிம்களுக்கு ஒரு நினைவு. சிங்களக் கமக்காரருக்கு ஒரு நினைவு. நம் முதலமைச்சரின் பொலிஸ் என்று நாம் சொல்லும்போது, அடுத்த ஊரவன் காதில் அது எவ்வாறு விழும் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

வட்டவிதானையும் முதலமைச்சரும்

வயல் அறிந்தவர்களுக்கு ஓர் உவமை போதும். நம் வட்டைகளில் தண்ணீர் பாய்ச்ச வட்டவிதானை ஒருவரைக் கமக்காரரே தெரிவுசெய்கிறோம். அவரிடம் அதிகாரம் உண்டு. அது இல்லையேல் கடைமடை வயல் காய்ந்துவிடும். ஆனால் தன் வயலுக்கு முதலில் மடை திறந்து, தனக்கு ஆகாதவன் வாய்க்காலை அடைத்தால், அடுத்த போகக் கூட்டத்தில் அவரை எழுப்பிக் கேட்போம். மடை திறப்பவர் எவரென்பதையும், எம்முறைப்படி திறப்பார் என்பதையும், தவறினால் எங்கே பதில் சொல்வார் என்பதையும் ஒருங்கே தீர்த்த பின்னரே பொறுப்பைக் கொடுக்கிறோம். பொலிசையும் அவ்வாறே கேட்க வேண்டும்.

பிற நாடுகள் இதனை எவ்வாறு தீர்த்தன? இந்தியாவில் பொலிசும் பொது ஒழுங்கும் மாநிலங்களின் பட்டியலில் உள்ளவை. தமிழ்நாட்டின் பொலிஸ் தில்லிக்குக் கட்டுப்பட்டதன்று. அதனால் இந்தியா உடையவில்லை. ஆயினும் மாநில ஆட்சியாளர் தம் விருப்பத்துக்குப் பொலிசை ஆட்டுவித்தமையால், 2006 செப்டெம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட்டது. ஆட்சியாளரின் தலையீட்டைத் தடுக்க ஒரு பாதுகாப்பு ஆணைக்குழு, பொலிஸ் தலைவருக்கு இரண்டாண்டுக்குக் குறையாத நிலையான பதவிக் காலம், பொலிசார் மீதான முறைப்பாட்டை விசாரிக்கத் தனி அமைப்பு ஆகியவற்றை நிறுவுமாறு பணித்தது. பல மாநிலங்கள் அதனை முழுமையாக நிறைவேற்றத் தயங்கின. அதிகாரத்தைப் பெறுவது ஒரு போராட்டம். அதற்கு வேலி கட்டுவது இன்னொரு போராட்டம் என்பதை இது காட்டுகிறது.

நம் நிலைக்கு மிக நெருங்கியது வட அயர்லாந்து. அங்கும் இரு சமூகங்கள். அங்கும் முப்பதாண்டுப் போர். அங்கும் பொலிஸ் ஒரு சமூகத்தின் படையாகவே மற்றச் சமூகத்தால் பார்க்கப்பட்டது. 1998 உடன்படிக்கையின்பின் பற்றன் ஆணைக்குழு 1999இல் அறிக்கை தந்தது. 2001 நவம்பரில் பழைய படையின் இடத்தில் புதிய பொலிஸ் சேவை உருவாயிற்று. அதை மேற்பார்வை செய்வது தனி அமைச்சர் ஒருவரல்லர். 19 பேர் கொண்ட ஒரு சபை. சட்டசபையின் பல கட்சிகளிலிருந்தும் 10 பேர், கட்சி சாராதோர் 9 பேர். பொலிசார் மீதான முறைப்பாட்டை விசாரிப்பதற்குப் பொலிசைச் சாராத ஓர் அதிகாரி. 2001 முதல் 2011 வரை புதிய ஆட்சேர்ப்பில் கத்தோலிக்கர் பாதி, மற்றோர் பாதி என விதித்தார்கள். தொடக்கத்தில் நூற்றுக்கு 8 அளவாக இருந்த கத்தோலிக்கரின் பங்கு ஏறத்தாழ 30 ஆக உயர்ந்தது. யாவும் தீர்ந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் தங்கள் பிள்ளைகளைப் பொலிசுக்கு அனுப்ப அஞ்சிய மக்கள் அனுப்பத் துணிந்தார்கள்.

நாம் கேட்க வேண்டியது

ஆகவே நம் கோரிக்கையைத் திருத்தமாக வகுப்போம். 13ஆம் திருத்தத்தின் பொலிஸ் அதிகாரம் சட்டமாக இருக்கிறது. அதனைச் செயற்படுத்துவது அரசாங்கத்தின் கடமை. அதில் நாம் ஓர் அங்குலமும் பின்வாங்க வேண்டியதில்லை. அதனோடு நான்கு வேலிகளை நாமே முன்வந்து கேட்க வேண்டும்.

முதலாவது, மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவில் முதலமைச்சரின் ஆள் ஒருவர் என்ற நிலை போதாது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் ஆகிய மூவின மக்களும் எதிர்க்கட்சியும் இடம்பெறும்படி அது விரிவாக்கப்பட வேண்டும். இரண்டாவது, கொள்கையும் ஒழுங்கும் பற்றி முதலமைச்சர் கேட்கலாம், பணிக்கலாம். இன்னாரைப் பிடி, இன்னாரை விடு என்று சொல்வது குற்றமாக்கப்பட வேண்டும். மூன்றாவது, பொலிசார் மீதான முறைப்பாட்டைப் பொலிசார் அல்லாதார் விசாரிக்க வேண்டும். நான்காவது, ஆயுதம் தாங்கிய குழுவையோ ஊர்காவற்படையையோ எக்கட்சியும் வைத்திருத்தல் ஆகாது. அத்தகைய கட்சிக்குப் பொலிஸ் பொறுப்பும் ஆகாது.

இவ்வாறு நாமே கேட்டால் இரு பயன்கள் விளையும். முஸ்லிம் சகோதரரின் அச்சம் தணியும்; அவர்களது குரலும் நம் குரலும் ஒன்றாகும். இம்மாகாணத்தில் தமிழ்பேசும் இவ்விரு மக்களும் ஒன்றுபட்டுக் கேளாத எதையும் கொழும்பு தந்ததில்லை, தரப்போவதுமில்லை. தென்னிலங்கையில் நியாயம் உணர்ந்த சிலருக்கும் சொல்ல ஒரு பதில் கிடைக்கும்.

இன்றே செய்யக்கூடியது

கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் காலம் முடிந்து கலைந்தது. அதன்பின் தேர்தல் நடத்தப்படாமல் ஆளுநர் ஆட்சியிலேயே ஆண்டுகள் கழிந்தன. முதலமைச்சரே இல்லாத மாகாணத்தில் முதலமைச்சரின் பொலிஸ் பற்றிப் பேசுவதெப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாகாண சபைத் தேர்தலே முதற் கோரிக்கை என்பேன். அது வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். வாய்மொழியாக ஒருவர் செய்யும் முறைப்பாட்டை அவர் பேசிய மொழியிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அம்மொழியில் எழுத அதிகாரிக்கு இயலாதெனின், முறைப்பாட்டாளரே தம் மொழியில் எழுதிக் கொடுக்குமாறு கேட்க வேண்டும். விளங்காத மொழியில் எழுதிய தாளில் கைநாட்டு வைக்க எவரும் கடமைப்பட்டவரல்லர். இங்கே அமர்ந்திருக்கும் சட்டத்தரணிகளிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு கிராமத்திலும் முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்க இருவரைப் பழக்குங்கள். பொலிஸ் நிலையம் அதனை ஏற்க மறுத்தால், திகதியையும் நேரத்தையும் குறித்துத் தேசியப் பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.

மயிலத்தமடு–மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். தங்கள் மாடுகள் வெட்டப்படுகின்றன, சுடப்படுகின்றன. முறையிட்டும் பயனில்லை என்பதே அவர்கள் சொன்னது. அவர்களுக்குத் துணையானவை அவர்கள் ஒற்றுமையும், கையில் வைத்திருந்த முறைப்பாட்டுப் பிரதிகளுமே. எழுதி வைத்த தாள் இல்லாதவனுக்கு நாளை மாகாணப் பொலிஸ் வந்தாலும் நியாயம் கிடைப்பது அரிது.

எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பொலிசில் தமிழர் இல்லை என்று குறைகூறும் நாமே, பிள்ளை விண்ணப்பம் போட்டால் தடுக்கிறோம். அச்சத்துக்குக் காரணம் உண்டென்பதை மேலே சொன்னேன். ஆயினும் நாளை ஒரு மாகாணப் பொலிஸ் பிரிவு அமையும் நாளில், அதில் நிற்கப் பயிற்சி பெற்ற தமிழ்பேசும் அதிகாரிகள் இல்லையெனில், அதிகாரம் காகிதத்தில் வந்து காகிதத்திலேயே தங்கிவிடும்.

சந்திரகாந்தனின் வாழ்வைப் புகழவோ இகழவோ நான் இங்கு வரவில்லை. கிழக்கின் முதலமைச்சர் ஆசனத்தில் இனியும் பலர் அமர்வர். நல்லவரும் அமர்வர், அல்லாதவரும் அமர்வர். நல்லவர் வரும்போது தாருங்கள் என்று நாம் கேட்டால், நல்லவர் எவரென்று கொழும்பே தீர்மானிக்கும். எவர் வந்தாலும் தவறிழைக்க இயலாத ஏற்பாட்டோடு தாருங்கள் என்று கேட்போமாக. அக்கோரிக்கையை மறுப்பதற்கு நேர்மையான காரணம் ஒன்றை எவராலும் சொல்ல முடியாது.

இப்பொருளை உங்கள் கமக்காரர் சங்கக் கூட்டங்களில் எடுத்துப் பேசுங்கள். அயலூர் முஸ்லிம் அன்பர்களையும் அழைத்துப் பேசுங்கள்.